குருத்து முறித்த கைகள்: யாழ்ப்பாணப் புகையிலைத் தோட்டத்தின் வரலாறு

யாழ்ப்பாணத் தீபகற்பத்தின் வேளாண்மையைப் பற்றி எழுதியோர் நெல்லுக்கும் பனைக்கும் முதலிடம் தந்து வந்திருக்கிறார்கள். எனினும் அங்குள்ள குடும்பங்களின் கையில் காசு புழங்கச் செய்ததும், அவர்களுடைய ஆண்டின் ஐந்தாறு மாதங்களை நாள்வாரியாகப் பங்கிட்டுக் கொண்டதும், நிலம் உடையவருக்கும் அதில் உழைத்தவருக்கும் இடையிலிருந்த உறவை இறுக்கியதும் புகையிலை என்ற பயிரே ஆகும். அப்பயிர் விளைந்த நிலத்தை யாழ்ப்பாணத்தார் வயல் என்று சொல்வதில்லை. மழையை நம்பி நெல் விதைக்கப்படும் தாழ்நிலம் வயல் எனவும், கிணற்று நீரால் ஆண்டு முழுவதும் பயிர் செய்யப்படும் மேட்டு நிலம் தோட்டம் எனவும் அங்கே பிரித்து வழங்கப்படுகின்றன. தோட்டம் பெரும்பாலும் வீட்டு வளவுக்கு அருகிலோ கூப்பிடு தொலைவிலோ இருந்ததால், புகையிலை பெருந்தோட்டப் பயிராக அன்றி வீட்டோடு ஒட்டிய பயிராகவே வளர்ந்தது. தேயிலைக்கும் கோப்பிக்கும் மலைநாட்டில் கிடைத்தது போன்ற கம்பனி முதலாளி யாழ்ப்பாணப் புகையிலைக்குக் கிடைக்கவில்லை. அதன் முழுச் சுமையும் சில பரப்புக் காணி வைத்திருந்த குடும்பங்களின் தலையிலும், அவர்களுக்குக் கட்டுப்பட்டுக் கிடந்தவர்களின் முதுகிலும் ஏறியது. பதினாறு பரப்பு சேர்ந்தது ஓர் ஏக்கர் என்பதைக் கொண்டால் இக்காணிகளின் அளவு விளங்கும்.

புகையிலை அமெரிக்கக் கண்டத்துச் செடியாகும். கொலம்பசின் 1492ஆம் ஆண்டுப் பயணத்துக்குப் பிறகு ஐரோப்பாவுக்குச் சென்ற அது, லிஸ்பனில் பிரெஞ்சுத் தூதராக இருந்த ஜான் நிக்கோ என்பவர் 1560 அளவில் தம் அரசவைக்கு அனுப்பிவைத்ததன் வழியே புகழடைந்தது; அவருடைய பெயரே பிற்காலத்தில் செடியின் பேரினப் பெயரான நிக்கோட்டியானாவிலும், இலையிலுள்ள நச்சுப்பொருளான நிக்கோட்டினிலும் நிலைத்தது. ஆசியக் கரைகளுக்கு அதைக் கொண்டுவந்தவர்கள் போர்த்துக்கேயர். யாழ்ப்பாண அரசு 1619இல் அவர்கள் கைக்கு முழுமையாக வீழ்ந்தது. அதே 1619இன் இறுதியில் இங்கிலாந்தில் முதலாம் ஜேம்ஸ் மன்னர் தம் நாட்டு மக்கள் தம் நிலங்களில் புகையிலை நடக் கூடாதென்று ஆணையிட்டார் என்பது இவ்விடத்தில் நினைக்கத்தக்க ஒரு தற்செயல்: அரசுக்கு வரி வரும் வழியில் மட்டுமே புகையிலை வர வேண்டும், வீட்டுக் கொல்லையில் அது முளைக்கக் கூடாது என்ற எண்ணம் எல்லா அரசுகளுக்கும் இருந்தது. யாழ்ப்பாணத்திலோ வீட்டுத் தோட்டத்தில் முளைத்ததையே அரசுகள் ஒன்றன்பின் ஒன்றாக வரிக்கும் வணிகத்துக்கும் வழியாக்கிக் கொண்டன.

புதிய செடிக்குத் தென்னிந்திய மொழிகள் தாமே பெயர் வைத்துக்கொண்டன. வட இந்தியாவின் தம்பாக்கு என்ற சொல் போர்த்துக்கேயரின் வாய்ச்சொல்லிலிருந்து வந்திருக்க, தமிழும் மலையாளமும் புகையிலை என்றும், தெலுங்கு பொகாக்கு என்றும், கன்னடம் ஹொகெசொப்பு என்றும், கடல் கடந்த சிங்களம் தும்கொள என்றும் அழைத்தன. எல்லாவற்றுக்கும் பொருள் புகை தரும் இலை என்பதே. பேச்சில் அது போயிலை என்று குறுகியது. பெயர் புகையைச் சொன்னாலும், யாழ்ப்பாண இலையின் மிகப் பெரிய சந்தையில் அதை எவரும் கொளுத்தவில்லை, வெற்றிலையோடு சேர்த்து மென்றார்கள் என்பது அப்பெயரில் ஒளிந்திருக்கும் முரண்பாடு. தமிழ்நாட்டில் பழனி முருகன் மீது சீனிச்சர்க்கரைப் புலவர் புகையிலை விடு தூது என்றொரு சிற்றிலக்கியத்தையே பாடும் அளவுக்கு, வந்து சில தலைமுறைகளுக்குள் அது உள்ளூர்ப் பொருளாகிவிட்டிருந்தது.

யாழ்ப்பாணத்தில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. சுண்ணாம்புக் கல்லால் ஆன அந்நிலத்தின் மேல் விழும் மழைநீர் பாறையின் பொந்துகளிலும் வெடிப்புகளிலும் இறங்கித் தங்க, அதைக் கிணறு வெட்டி எடுப்பதே பயிருக்கு வழியாக இருந்தது. வலிகாமம் பகுதியில் உரும்பிராய், கோண்டாவில், இணுவில், ஏழாலை, குப்பிழான், புன்னாலைக்கட்டுவன் முதலிய ஊர்களில் காணப்படும் செம்பாட்டு மண், அதாவது சுண்ணாம்புப் பாறையின் மீது படிந்த சிவந்த மண், நீரை விரைவாக உள்வாங்கி வேருக்குக் காற்றோட்டம் தரும் இயல்புடையது. ஆனால் உரமின்றி அதில் நல்ல விளைச்சல் இல்லை. இதனால் ஆடுமாடுகளைத் தோட்டத்தில் இரவுதோறும் இடம் மாற்றிப் பட்டி அடைத்தும், பூவரசு முதலிய மரங்களின் இலைகுழையை வெட்டி வந்து மண்ணில் தாழ்த்தியும், கூரையிலிருந்து கழித்த பழைய பனையோலையைப் புதைத்தும் மண்ணை வளப்படுத்தினார்கள். வளவைச் சுற்றிக் கதியாலாக நடப்பட்ட பூவரசு வேலியாகவும் எருவாகவும் ஒருங்கே பயன்பட்டது. நீர் இறைக்கத் துலா இருந்தது: கிணற்றருகே நட்ட தூணின் மேல் குறுக்காகக் கிடக்கும் நீண்ட மரத்தின் மீது ஒருவரோ இருவரோ முன்னும் பின்னும் நடந்து மிதிக்க, கீழே நிற்பவர் பனையோலைப் பட்டையில் வரும் நீரைக் கவிழ்க்க, மூன்றாமவர் வாய்க்காலில் மண்ணை வெட்டி மாற்றிப் பாத்திக்குப் பாத்தி நீரைத் திருப்பினார். இலங்கையின் குடியேற்ற நாட்டுச் செயலாளராக 1845 முதல் பணியாற்றிய எமர்சன் டெனன்ட், 1859இல் வெளியிட்ட இலங்கை பற்றிய தம் நூலில் யாழ்ப்பாணத்தாரின் கிணற்றுத் தோட்டங்களையும் அயராத உழைப்பையும் வியந்து எழுதினார். அவ்வியப்பு கண்ணுக்குத் தெரிந்த உழைப்பைப் பற்றியது. துலா மிதிப்பது தொலைவிலிருந்தும் தெரியும்; அதைவிடக் கூடுதலான பொறுமையைக் கேட்ட மற்றொரு வேலை இலைகளுக்கிடையே குனிந்து செய்யப்பட்டதால் எவருடைய கண்ணிலும் எளிதில் படவில்லை.

அவ்வேலையை விளக்கச் செடியின் வளர்ச்சியைத் தொடக்கத்திலிருந்து காண வேண்டும். புகையிலை விதை ஒரு கிராமில் ஏறத்தாழ 12,000 அடங்கும் அளவுக்கு நுண்மையானது. ஒரு சிட்டிகை விதை ஒரு தோட்டத்துக்குப் போதும். கையால் தூவினால் ஒரே இடத்தில் குவிந்து விழும் என்பதால் அதைச் சாம்பலோடோ நுண்மணலோடோ கலந்து நாற்றுமேடையில் தூவுவது வழக்கம். ஒளி பட்டால் நன்றாக முளைக்கும் இயல்புடையதாகையால் மண்ணைக் கனமாக மூடுவதில்லை. வடகீழ்ப் பருவமழையை ஒட்டி நாற்று விட்டு, ஆறேழு வாரம் கழிந்து மழை தணியும் மார்கழி, தை மாதங்களில் பிடுங்கி நட்டார்கள். நட்ட முதல் நாட்களில் வெயில் தாக்காதபடி ஓலைத் துண்டுகளால் நிழல் தந்து, வேர் பிடிக்கும் வரை ஒவ்வொரு கன்றுக்கும் கையால் நீர் வார்ப்பது நாற்றைக் காக்கும் முறை. யாழ்ப்பாணத்தில் தோட்டத்தின் பெறுமதியைப் பரப்பால் மட்டுமன்றி, அதில் நடக்கூடிய கன்றுகளின் எண்ணிக்கையாலும் குறித்து, ஆயிரம் கன்றுத் தறை, இரண்டாயிரம் கன்றுத் தறை என்று பேசும் வழக்கம் இருந்தது. கன்று என்பது பேச்சில் கண்டு ஆகும். நிலத்தைச் செடிகளின் தலைக்கணக்கால் அளந்த இவ்வழக்கத்தில் ஒரு நுட்பம் உண்டு: ஒவ்வொரு செடியும் தனித்தனியே கையால் தொடப்பட வேண்டியது என்பதை அறிந்தவர்களின் அளவை அது.

நட்ட செடி ஒற்றைத் தண்டாக ஓங்கி வளர்கிறது. அதை அதன் போக்கில் விட்டால் ஆளுயரத்தை எட்டி, உச்சியில் இளஞ்சிவப்புப் பூங்கொத்து விட்டு, விதை கட்டி, இலைகள் மெலிந்து வெளிறி முடியும். செடிக்கு வேண்டியது விதை. பயிரிட்டவருக்கு வேண்டியது இலை. எனவே மொட்டு தலைகாட்டும் வேளையில், சில சமயம் அதற்கும் முன்பே, உச்சிக் குருத்து மேலிலைகள் சிலவற்றோடு சேர்த்து முறிக்கப்படுகிறது. மெல்லும் புகையிலைக்கும் சுருட்டுப் புகையிலைக்கும் தண்டில் பத்து இலை அளவுக்கே விட்டு மற்றவற்றைக் கழித்துவிடுவது தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் பரவலான முறையாகும். சிகரெட்டுக்கான மெல்லிய இலைக்கோ இருபது அளவில் விடுவார்கள். எத்தனை இலை விடுவது என்பதில்தான் பயிரிடுபவரின் கணக்கு இருக்கிறது. குறைவாக விட்டால் ஒவ்வோர் இலையும் அகன்று தடித்துக் காரமேறும், கூடுதலாக விட்டால் எடை சற்று ஏறினாலும் இலை மென்மையாகிக் காரம் குறையும். மலையாளக் கரையில் வெற்றிலை மென்றவர்கள் கேட்டது தடித்த, கறுத்த, நாவைச் சுடும் இலை. அச்சுவையை யாழ்ப்பாண மண் தந்தது என்று பெருமை பேசுவது வழக்கம். மண்ணுக்கு அதில் பங்குண்டு என்பதை மறுப்பதற்கில்லை, ஆனால் அதில் பெரும்பங்கு குருத்தை முறித்த விரல்களுக்கு உரியது என்று கொள்வதே பொருந்தும்.

உச்சியை முறித்தவுடன் செடி அடங்கிவிடுவதில்லை. இலைக்காம்பு தண்டோடு சேரும் மூலையான இலைக்கக்கத்தில் அதுவரை உறங்கிக் கிடந்த மொட்டுகள் விழித்துக்கொண்டு, சில நாட்களில் பக்கக் குருத்துகளாக நீள்கின்றன. வேளாண் நூல்கள் இவற்றைப் பக்கக் கன்றுகள் என்றும் பக்கக் கிளைகள் என்றும் குறிக்கின்றன. முதலில் மேலிலைகளின் கக்கத்திலும் பின்னர் கீழே இறங்கியும் அவை எழும். விட்டுவைத்தால் ஒவ்வொன்றும் ஒரு சிறு செடியாகித் தன் உச்சியில் பூத்து, தாய்த்தண்டின் இலைக்குச் செல்ல வேண்டிய ஊட்டத்தை உறிஞ்சிவிடும். ஒரு கக்கத்தில் இருப்பது ஒரு மொட்டு மட்டுமன்று என்பதே இதில் பெருந்தொல்லை. முதற்குருத்தை ஒடித்து எறிந்தால் அதனடியில் இரண்டாவது காத்திருக்கிறது. அதையும் ஒடித்தால் மூன்றாவது எழுவதும் உண்டு. ஆகையால் உச்சி முறித்த நாள் முதல் இலை முற்றி வெட்டும் நாள் வரை, வாரத்துக்கு ஒருமுறையோ பத்து நாளைக்கு ஒருமுறையோ தோட்டம் முழுவதையும் செடி செடியாகச் சுற்றி வர வேண்டியிருந்தது.

ஆயிரம் கன்றுத் தறை ஒன்றைக் கணக்குக்கு எடுத்துக்கொள்வோமாயின், மூன்றடிக்கு ஒரு கன்று என்ற இடைவெளியில் அது மூன்று பரப்புக்குச் சற்றே கூடிய காணிதான். செடிக்குப் பத்து இலை வீதம் பத்தாயிரம் இலைக்கக்கங்கள் அதில் இருக்கும். ஒவ்வொன்றிலும் இரண்டு முறை குருத்து எழுந்தால், அவ்வளவு சிறிய துண்டு நிலத்தில் ஒரு பருவத்துக்கு இருபதாயிரம் தடவை விரல் நுழைய வேண்டும். குருத்து இரண்டு மூன்று விரற்கடை நீளமாய் இருக்கையில் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே பிடித்துப் பக்கவாட்டில் சாய்த்தால், மெல்லிய ஓசையோடு அடியோடு கழன்றுவரும். காலங்கடந்து தண்டு முற்றிவிட்டால் நாரோடு கிழிந்து, கூடவே இலைக்காம்பையும் பெயர்த்துவிடும். அடி மிஞ்சினால் அங்கிருந்தே மறுபடி துளிர்க்கும். கிழிந்த இலைக்குச் சந்தையில் விலையில்லை. ஆகவே இவ்வேலை வலிமையைக் காட்டிலும் நாள் தவறாமையையும் விரல்நுனியின் மென்மையையும் வேண்டி நின்றது. இலையின் மேலுள்ள நுண்மயிர்களின் நுனியில் சுரக்கும் பிசின் சிறிது நேரத்திலேயே விரல்களில் மஞ்சளாகப் படிந்து, வேலை முடிவதற்குள் கருத்துத் தடித்த தோலைப் போல ஒட்டிக்கொள்ளும். எளிதில் கழுவிப் போக்க இயலாத அந்தக் கறையோடுதான் சோறும் உண்ணப்பட்டது. அதிகாலைப் பனியில் நனைந்த இலைகளுக்கிடையே நெடுநேரம் நிற்பவருக்கு நிக்கோட்டின் தோல் வழியே உடலில் ஏறித் தலைச்சுற்றலும் வாந்தியும் வரும். பச்சைப் புகையிலை நோய் என்று மருத்துவ நூல்கள் இதற்குப் பெயரிட்டு விவரித்தது 1970ஐ ஒட்டித்தான். ஆயினும் அதற்கு முன் மூன்று நூற்றாண்டுகளாகத் தோட்டத்தில் நின்றவர்களின் உடல் அதை அறிந்தே இருந்திருக்கும்.

செடி ஏன் இவ்வாறு நடந்துகொள்கிறது என்பதைத் தாவரவியலாளர் அறிந்துகொள்ளப் பயிரிட்டவர்களுக்குப் பின் நெடுங்காலம் பிடித்தது. வளரும் உச்சி ஆக்சின் என்ற வளர்ச்சி இயக்குநீரைச் சுரந்து கீழ்நோக்கி அனுப்புகிறது. அது வந்துகொண்டிருக்கும் வரை பக்க மொட்டுகள் அடங்கிக் கிடக்கின்றன. உச்சி அகன்றால் தடை நீங்குகிறது. உச்சி நீக்கிய அவரையினச் செடியின் வெட்டுமுனையில் ஆக்சினைத் தடவிப் பக்க மொட்டுகளை மீண்டும் உறங்கச் செய்யலாம் என்பதைத் திமான், ஸ்கூக் என்ற இருவர் 1930களில் செய்து காட்டினார்கள். காரம் ஏறுவதன் காரணமும் இதையொட்டியே தெளிவாயிற்று. நிக்கோட்டின் இலையில் காணப்பட்டாலும் அது உண்டாவது வேரில்: தக்காளித் தண்டைப் புகையிலை வேரின் மேல் ஒட்டினால் தக்காளி இலையில் நிக்கோட்டின் சேர்வதையும், புகையிலைத் தண்டைத் தக்காளி வேரில் ஒட்டினால் இலையில் அது அற்றுப்போவதையும் டாசன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1942இல் வெளியிட்டார். உச்சி முறிக்கப்பட்ட செடியின் வேர் மேலும் பரவி, காயம்பட்ட அறிகுறியை ஏற்று, கூடுதலாக நிக்கோட்டினை உண்டாக்கி மேலே அனுப்புகிறது. பக்கக் குருத்துகளும் நீக்கப்பட்டால் அது எஞ்சிய பத்து இலைகளில் மட்டும் வந்து சேர்கிறது. புழுவுக்கு எதிராகச் செடி எழுப்பும் அரண்தான் இந்நஞ்சு. யாழ்ப்பாணக் குடியானவர் ஒவ்வொரு வாரமும் செய்தது, பெரும் புழுவொன்று தன்னைத் தின்கிறது என்று செடியை நம்பவைத்ததே எனலாம்.

எல்லாச் செடிகளுக்கும் இந்த விதி இல்லை. மறு ஆண்டுக்கு விதை வேண்டுமென்பதற்காக, தண்டு நேராகவும் இலை அகலமாகவும் நோயற்றும் உள்ள சில செடிகளைக் குருத்து முறிக்காமல் விடுவது புகையிலை பயிரிடும் எல்லா இடங்களிலும் உள்ள முறை. முறிக்கப்பட்டுக் கட்டையாக நிற்கும் வரிசைகளுக்கு நடுவே பூத்து உயர்ந்து நிற்கும் அவற்றைக் கண்டு, தோட்டக்காரர் எதை நல்ல இலை என்று கருதினார் என்பதை அயலவர் அறிந்துகொள்ள முடிந்தது. பக்கக் குருத்தை வேண்டுமென்றே வளரவிடும் வழக்கமும் உலகில் உண்டு. முதல் வெட்டு முடிந்த கட்டையிலிருந்து எழும் குருத்தை வளர்த்து, சிறுத்த இலையாயினும் இரண்டாம் விளைச்சலாக எடுப்பார்கள். வட அமெரிக்காவில் வெர்ஜினியாக் குடியேற்றத்தின் சட்டமன்றம் 17ஆம் நூற்றாண்டிலேயே இத்தகைய இரண்டாம் இலையைத் தடைசெய்து சட்டம் இயற்றியது. மட்ட இலை சந்தையில் குவிந்தால் எல்லா இலையின் விலையும் சரியும் என்ற அச்சமே காரணம். ஒரு சட்டமன்றம் கூடி இலைக்கக்கத்து மொட்டைப் பற்றி விவாதித்ததை வேடிக்கை என்று தள்ளுவதற்கில்லை. புகையிலையின் விலை அந்த மூலையில்தான் தீர்மானமாயிற்று.

இவ்வளவு கைவேலையை யார் செய்தார்கள் என்ற கேள்வி யாழ்ப்பாண வரலாற்றின் கசப்பான பக்கத்துக்கு இட்டுச் செல்கிறது. சிறிய தறைகளில் வீட்டு ஆண்களோடு பெண்களும் பிள்ளைகளும் இறங்கினார்கள். நிலம் மிகுந்த வெள்ளாளக் குடும்பங்களின் தோட்டங்களிலோ கோவியர், நளவர், பள்ளர் ஆகியோர் பரம்பரைக் கட்டுப்பாட்டின் கீழ் உழைத்தனர். 1658இல் போர்த்துக்கேயரை வென்று யாழ்ப்பாணத்தைக் கைக்கொண்ட ஒல்லாந்தர், 1707இல் தொகுத்த தேசவழமை என்ற உள்ளூர் வழக்கச் சட்டத்தில் இப்பிரிவினரை அடிமைகள் என்றே எழுதி, அவர்களுடைய கடமைகளையும் விற்பனையையும் பற்றிய விதிகளைச் சேர்த்தனர். 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் சோழமண்டலக் கரையில் பஞ்சம் நேர்ந்தபோது விலைக்கு வாங்கப்பட்ட மக்கள் யாழ்ப்பாணத்தில் கொண்டுவந்து இறக்கப்பட்டனர். புகையிலைச் செய்கையின் பெருக்கமும் அடிமை உழைப்பின் பெருக்கமும் ஏறத்தாழ ஒரே காலத்தவை என்பதை வரலாற்றாசிரியர் சுட்டியிருக்கிறார்கள். ஆண்டில் சில நாள் உழைப்பை மட்டும் கேட்கும் பயிர் ஆளைக் கட்டிவைக்கத் தேவையில்லை, வாரந்தோறும் தவறாமல் கை கேட்கும் பயிருக்கோ எப்போதும் அழைத்தால் வரும் ஆள் தேவைப்பட்டது. பிரித்தானிய ஆட்சியில் 1844இல் அடிமைமுறை சட்டத்தால் நீக்கப்பட்டது. ஆனால் நிலம் கைமாறவில்லை. கூலியும் நெல்லுமாகக் கணக்கு மாறியதே தவிர, அதே கிணற்றடியில் அதே குடும்பங்களின் பிள்ளைகளே நெடுங்காலம் துலா மிதித்தார்கள், குருத்து முறித்தார்கள்.

முற்றிய இலையை வெட்டி, வாடவிட்டுக் கட்டி, குடிலில் ஏற்றுவது அடுத்த கட்டம். குடில் என்பது புகை வெளியேறாதபடி ஓலையாலும் மண்ணாலும் அடைக்கப்பட்ட சிறு கொட்டில். உள்ளே கொடிகளில் இலைக் கட்டுகள் தொங்க, தென்னம் பொச்சையும், பனங்கிழங்கு எடுத்தபின் மிஞ்சும் வெற்றுக் கொட்டையாகிய ஊமலையும் கொண்டு சுவாலையில்லாத நெருப்பு மூட்டிப் புகையூட்டினார்கள். பனை இங்கேயும் துணைக்கு வந்தது: எருவுக்கு ஓலை, நீர் இறைக்கப் பட்டை, புகைக்கு ஊமல் என்று ஒரே மரம் அந்நியச் செடியொன்றை வளர்த்து முடித்தது. புகையேறிய இலையை அடுக்கிப் பாரமேற்றி வேகவைத்து, சில நாளுக்கொருமுறை மேல்கீழாகப் புரட்டி அடுக்குவதைப் பாடம் போடுதல் என்பர். இலையின் கறுப்பும் மணமும் அப்போது கூடின.

பாடமிட்ட பொதிகள் ஊர்காவற்துறை முதலிய துறைகளிலிருந்து தோணிகளில் ஏறித் தென்னிந்தியாவின் முனையைச் சுற்றிக் கொல்லத்துக்கும் ஆலப்புழைக்கும் சென்றன. திருவிதாங்கூர் அரசு புகையிலை வணிகத்தைத் தன் ஏகபோகமாக, அதாவது அரசு மட்டுமே வாங்கி விற்கும் உரிமையாக வைத்திருந்து பெரும் வருவாய் ஈட்டியது. யாழ்ப்பாணத்துக் குடியானவருக்கு இதனால் வாங்குபவர் ஒருவரே என்ற நிலை. அவர் வாங்குவதைக் குறைத்தாலோ விலையை இறக்கினாலோ, கோப்பாயிலும் நீர்வேலியிலும் அடுப்பு எரிவது தடைப்பட்டது. மலபாரில் கிழக்கிந்தியக் கம்பனியும் 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் இத்தகைய ஏகபோகத்தை நடத்தியது. கோயம்புத்தூர்ப் புகையிலை அங்கே யாழ்ப்பாண இலைக்குப் போட்டியாகக் கணவாய் வழியே சென்றது. திவான் மாதவராவ் காலத்தில், 1860களில், திருவிதாங்கூர் ஏகபோகத்தைக் கைவிட்டு இறக்குமதித் தீர்வைக்கு மாறியபின், தீர்வை ஏறுவதும் இறங்குவதும் யாழ்ப்பாணத்தாரின் ஆண்டுக் கவலையாயிற்று. 1930களில் மலையாளச் சந்தைக்கான புகையிலையைக் கூட்டாக விற்கவென்று யாழ்ப்பாணத்தில் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. இந்தியா விடுதலை பெற்றபின் இறக்குமதிக் கட்டுப்பாடுகளால் அவ்வழி ஏறத்தாழ அடைபட்டது.

உள்நாட்டில் சுருட்டு அந்த இழப்பை ஓரளவு ஈடுசெய்தது. யாழ்ப்பாணத்துக் கொட்டில்களில் சுற்றப்பட்ட சுருட்டை விற்கத் தென்னிலங்கையின் சிறு நகரங்கள் தோறும் யாழ்ப்பாணத்தார் கடை திறந்தார்கள். அங்கே என்ன விற்றாலும் அது சுருட்டுக்கடை என்றே அழைக்கப்பட்டது. சுருட்டுக்கு வேண்டிய இலை மெல்லுவதற்கான இலையைக் காட்டிலும் மென்மையானதாகையால், எத்தனை இலையோடு குருத்தை முறிப்பது என்ற கணக்கும் தோட்டத்துக்குத் தோட்டம் மாறியது. சந்தை கொழும்புப் பக்கம் திரும்பியதை ஒரு செடியில் எஞ்சிய இலைகளை எண்ணியே கண்டுகொள்ளக்கூடிய நிலை அது.

1950களை ஒட்டி எண்ணெயில் இயங்கும் நீர் இறைக்கும் இயந்திரம் தோட்டங்களுக்கு வந்தது. துலா சில ஆண்டுகளிலேயே சாய்ந்தது. மூன்று நான்கு பேர் அரைநாள் இறைத்த நீரை இயந்திரம் ஒரு மணி நேரத்தில் தந்தது. கண்ணுக்குத் தெரிந்த உழைப்பு இவ்வாறு மறைய, கண்ணுக்குத் தெரியாத உழைப்பு அப்படியே நின்றது. அமெரிக்காவில் இதே காலத்தில் மாலிக் ஹைட்ரசைடு என்ற வேதிப்பொருளைத் தெளித்துப் பக்க மொட்டின் செல்கள் பிரிவதைத் தடுக்கும் முறையும், பிறகு கொழுப்பு ஆல்ககாலைத் தண்டின் வழியே வழியவிட்டு இளங்குருத்தைக் கருக்கும் முறையும் பரவின. முன்னது செடியின் உடலுக்குள் பரவி வேலை செய்வது, பின்னது பட்ட இடத்தை மட்டும் தாக்குவது. சில பரப்பு வைத்திருந்த தோட்டக்காரருக்கு, கையால் முறிப்பதே கட்டுப்படியாகும் வழியாக நீடித்தது; அம்முறிப்புச் சுற்றிலேயே இலை தின்னும் புழுவைப் பொறுக்கி நசுக்கவும், நோய்ப்பட்ட இலையைக் கழிக்கவும் முடிந்தது என்பதும் அதற்கொரு காரணமாகும்.

புகையிலையை உண்மையில் பின்தள்ளியது மற்றொரு பயிர். 1970 முதல் 1977 வரை இலங்கை அரசு உணவுப் பொருள் இறக்குமதியை இறுக்கியபோது செத்தல் மிளகாய்க்கும் சின்ன வெங்காயத்துக்கும் முன்பு காணாத விலை கிடைக்க, செம்பாட்டுத் தறைகள் பல அவற்றுக்கு மாறின. வெங்காயத்துக்குக் குருத்து முறிக்க வேண்டியதில்லை, மூன்று மாதத்தில் காசும் கைக்கு வரும். படித்துக் கொழும்புக்கும் கடல் கடந்தும் சென்ற பிள்ளைகள் தோட்டத்துக்குத் திரும்பாததும், கட்டுப்பட்டு உழைத்த சமூகங்கள் பள்ளிக்கூடமும் வேறு தொழிலும் நாடி நிமிர்ந்ததும் இதே காலத்தில் நிகழ்ந்தன. பிந்தியதைப் புகையிலைக்கு நேர்ந்த நட்டம் என்று சில பழைய தோட்டக் குடும்பங்கள் குறைப்பட்டுக்கொள்வதுண்டு. அக்குறையில் நியாயம் இல்லை.

பின்னர் உள்நாட்டுப் போர் வந்தது. 1995 ஒக்டோபர் 30 அன்று வலிகாமத்து மக்கள் ஓரிரவில் ஊர்களை விட்டு வெளியேறியபோது அது நாற்றுமேடைப் பருவம். திரும்பி வந்தவர்களில் வலிகாமத்தின் வடபகுதியைச் சேர்ந்த பலருடைய செம்பாட்டுக் காணிகள் உயர்பாதுகாப்பு வலயத்துக்குள் அடைபட்டு, ஆண்டுக்கணக்கில் பற்றைக்காடாகின. போர் முடிந்தபின் எழுந்த தடை வேறு வகையானது: உலக சுகாதார நிறுவனத்தின் புகையிலைக் கட்டுப்பாட்டுச் சாசனத்தை 2003இல் ஏற்ற இலங்கை, 2006இல் அதற்கெனச் சட்டம் இயற்றி, 2020க்குள் புகையிலைச் செய்கையையே முடிவுக்குக் கொண்டுவரப்போவதாகப் பின்னர் அறிவித்தது. குறித்த ஆண்டு கடந்தபின்னும் தீபகற்பத்தின் சில ஊர்களில் தை மாதத்தில் புகையிலைக் கன்றுகள் நடப்படுகின்றன. கூலிக்கு ஆள் பிடித்துக் குருத்து முறிக்கும் செலவே நடுபவர்களுடைய கணக்கில் பெருஞ்செலவுகளுள் ஒன்று. கடலுக்கு அப்பால் கேரளத்தில், தோணிகள் வராது போய்ப் பல பத்தாண்டுகள் ஆனபின்னும், வெற்றிலை மெல்லும் முதியவர்களின் பேச்சில் கடுங்காரமான தடித்த இலைக்கு ஜாப்பாணம் புகையில என்ற பெயர் தங்கியிருக்கிறது.